எல்லோருக்கும் பாதி தெரிந்திருந்தது

கேள்வி: பல்கலைக்கழக உறைவிடக் கல்லூரி ஒன்றில் 8 மாதமாகத் தலைவராக இருக்கிறேன். வகுப்பு எடுக்கும் வேலையோடு சேர்ந்த பொறுப்பு இது. சுமார் 400 மாணவர்கள், அவர்களோடு தங்கியிருக்கும் 6 உடனுறை ஆசிரியர்கள், 14 மூத்த மாணவ உதவியாளர்கள், அலுவலகத்தில் 2 பேர். துப்புரவும் காவலும் ஒப்பந்தப் பணியாளர்கள். போன பருவத்தில் முதலாண்டு மாணவர் ஒருவர் 3 வாரம் வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடந்திருக்கிறார். எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. பெற்றோர் வந்து அழைத்துப் போனார்கள். இப்போது தேறிவிட்டார், அடுத்த பருவத்தில் திரும்பி வருகிறார். பணியாளர் கூட்டத்தில் விசாரித்தால் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. ‘வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன்’ என்கிறார்கள். அதற்குப் பிறகு மாணவ உதவியாளர்களிடம் வாரம் ஒரு அறிக்கை கேட்டேன். ‘எங்களை ஒற்றர்களாக்குகிறீர்கள்’ என்று இரண்டு பேர் விலகிவிட்டார்கள். என் வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்திருக்கிறது. ஆனால் வருவது எப்போதும் அதே பத்துப் பேர்தான். பெற்றோரின் தொலைபேசி அழைப்புகளைச் சமாளிக்கவும் தெரியவில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு, வணக்கம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாணவர் நலப் பணியில் 22 ஆண்டுகள் இருந்தவன் நான். அதில் 9 ஆண்டு உங்களைப் போலவே ஓர் உறைவிடக் கல்லூரியின் தலைவராக, மாணவர்களோடு ஒரே கட்டடத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தேன். நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. இது எப்படி நடக்கிறது, எப்படித் திருத்துவது என்பதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி, ‘ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கிறது’ என்பது. அக்கறை இல்லாத இடத்தில் யாருக்குமே எதுவும் தெரிந்திருக்காது. உங்கள் ஆட்கள் கவனித்திருக்கிறார்கள். கவனித்ததை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த வழியைப் போட்டுக் கொடுப்பது தலைவரின் வேலை. அதைத்தான் இன்னும் செய்யவில்லை நீங்கள்.

‘வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்று அவர்கள் சொன்னதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1968இல் ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து இன்டர்காமில் பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்து திணறுவது போலக் குரல் கேட்கும். தன்னைத் தவிர வேறு யாருக்கும் அது கேட்கவில்லை என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து உதவி தேடிப் போனார்கள். இன்னும் 4 பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படிப் போனவர்கள் 31 சதவீதம்தான். எழாமல் இருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்களா என்றால் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் உள்ளே போய்ப் பார்த்தபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, ‘அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ என்று கேட்டார்கள். உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அந்த நிலையில்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். நான் தலைவராகி மூன்றாவது ஆண்டு. வரவேற்பு மேசைக்குப் பின்னால் பார்சல் வைக்கும் அலமாரி ஒன்று உண்டு. அதில் ஒரே மாணவியின் பெயர் ஒட்டிய நான்கு பார்சல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எங்கள் காவலாளி தினமும் அவற்றை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு மற்றவர்களுடையதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் காலை நான் வெளியே கிளம்பும்போது, ‘இந்தப் பொண்ணு ஊருக்குப் போயிருக்காங்களா சார்?’ என்று கேட்டார். நான் ஒரு கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ‘இருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அந்த நான்கு பார்சலும் அங்கேயே இருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓர் உடனுறை ஆசிரியையை அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேதான் இருந்தார். காய்ச்சல் என்றார். காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது, படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டினோம், பிறகு ஆலோசகரிடமும் போனார், அந்த ஆண்டுப் படிப்பை முடித்தார். மறுநாள் நான் காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: ‘நாலு நாளாவே கேக்கணும்னு இருந்துச்சு சார். யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல.’

என் கல்லூரியில் 3 ஆண்டு வேலை பார்த்தவர் அவர். யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது என்றால் அது என் பிழை.

அதற்கடுத்த வாரம் தொடங்கியதுதான் எங்கள் திங்கட்கிழமைச் சந்திப்பு. இருபது நிமிடம், அதற்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் உடனுறை ஆசிரியர், அலுவலகத்திலிருந்து ஒருவர், துப்புரவு மேற்பார்வையாளர், காவல் பணியில் அந்த வாரம் பொறுப்பில் இருப்பவர், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒருவர். எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும், துப்புரவு மேற்பார்வையாளர் சுவரோரம் நிற்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் அவர் வாயே திறக்கமாட்டார். நீங்களாக அவரிடம் முதலில் கேளுங்கள். மூன்றாம் வாரம் பாருங்கள், அந்த மேசையில் அதிகம் தெரிந்தவர் அவர்தான் என்பது புரியும்.

கண்ணால் கண்டதை மட்டும்தான் அங்கே சொல்ல வேண்டும். ‘அவருக்கு மனச்சோர்வு போலிருக்கிறது’ என்று சொல்ல நம்மில் யாருக்கும் தகுதி இல்லை. ‘5 நாளாகச் சாப்பாட்டுக் கூடத்தில் காணோம்’, ‘3 முறை சுத்தம் செய்யப் போனோம், வேண்டாம் என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டார்’ என்று சொல்லலாம். காதல், சண்டை, மதம், யார் யாரோடு சுற்றுகிறார்கள் என்பதெல்லாம் அந்த மேசைக்கு வரக் கூடாது. வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒரு முறை நிறுத்தாமல் விட்டால் அது வம்பு மடமாகிவிடும், அப்புறம் மீட்க முடியாது.

ஒரு பெயர் வந்தால் அந்தப் பெயருக்கு ஓர் ஆளும் ஒரு நாளும் குறிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. ‘நான் பார்த்துப் பேசுகிறேன், புதன்கிழமைக்குள்’ என்று ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். ‘கவனித்துக்கொள்வோம்’ என்று முடிந்த பேச்சு எதுவும் முடிந்த பேச்சே இல்லை. எழுதி வைப்பதும் அவ்வளவுதான்: பெயர், பொறுப்பேற்றவர், தேதி. அதை யார் பார்க்கலாம், எப்போது அழிப்பது என்பதைப் பல்கலைக்கழக விதிப்படி முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அப்புறம், எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. யார் வந்து சொன்னாரோ, அவருக்குப் பதில் போக வேண்டும். ‘நீங்கள் சொன்ன மாணவரைப் பார்த்தோம், கவனிக்கிறோம், நன்றி.’ விவரம் எதுவும் வேண்டாம், இது போதும். சொன்னது எங்கே போனது என்றே தெரியாவிட்டால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். உங்கள் கல்லூரியிலும் முன்பு யாரோ ஒருவர் எதையோ சொல்லிப் பார்த்து, பதில் வராமல் ஓய்ந்திருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.

துப்புரவும் காவலும் ஒப்பந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒரு சிக்கல் உண்டு. நிறுவனங்கள் வசதிக்காக ஆட்களை மாடிக்கு மாடி மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரே ஆள் ஒரே மாடியில் ஒரு பருவம் முழுக்க இருந்தால்தான் எந்தக் கதவு வழக்கமாகத் திறக்கும், எது திறக்காது என்று அவருக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாகவே சேர்க்கச் சொல்லுங்கள். செலவு இல்லாத காரியம். மாணவரைப் பற்றிப் பேசினால் வேலை போய்விடுமோ என்ற பயமும் அவர்களுக்கு இருக்கும். அவர்களின் மேலாளர் முன்னிலையில் நீங்களே சொல்லுங்கள்: ‘உங்களுக்குக் கவலையாகப் பட்டால் எங்களிடம் சொல்லலாம். தவறாகவே இருந்தாலும் பரவாயில்லை.’

சரி, மாணவ உதவியாளர்களுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், விலகிய இரண்டு பேர் சொன்னது நியாயம். அவர்கள் 19, 20 வயதுப் பிள்ளைகள். பக்கத்து அறைக்காரர்களோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், அதே தேர்வை எழுதுகிறார்கள். அவர்களிடம் வாராவாரம் தாளில் எழுதிக் கேட்டால், நண்பன் பேசும்போதே ‘இதை எழுத வேண்டுமா?’ என்ற கேள்வி மனதில் ஓடும். அந்தக் கேள்வி ஓடுவது எதிரில் இருப்பவனுக்கும் தெரிந்துவிடும். அறிக்கையை நிறுத்துங்கள். அந்த இருவரையும் அழைத்து, திரும்பி வரும்படி கேட்காமல், நீங்கள் சொன்னது சரிதான் என்று மட்டும் சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். மீதி 12 பேரும் இதைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

அறிக்கைக்குப் பதிலாக ஒரு கோடு வேண்டும். எது கட்டாயம் மேலே வர வேண்டும், எது அவர்களோடு நின்றுவிடலாம் என்ற கோடு. உயிருக்கு ஆபத்து, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு, அடிதடி, பாலியல் அத்துமீறல் என்றால் உடனே வர வேண்டும், திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. மற்றவை அந்த மாணவர் சம்மதித்தால் மட்டும். இந்தக் கோட்டை உதவியாளர்களிடம் மட்டும் சொன்னால் போதாது. பருவத்தின் முதல் வாரமே எல்லா மாணவர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எது வெளியே போகும், எது போகாது என்பது இரண்டு பக்கமும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஒற்றர் என்ற பேச்சே வராது.

‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒருவர் கேட்கும் தருணத்துக்கு அவர்களைத் தயார்ப்படுத்துங்கள். அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது. அதற்காக முகத்தில் அடித்தாற்போல மறுக்கவும் வேண்டாம். ‘நீ சொல்வது எனக்கு முக்கியம். ஆபத்தான விஷயமாக இருந்தால் நான் தனியாகத் தாங்க முடியாது, உன்னோடு சேர்ந்தே ஒருவரிடம் போவேன்’ என்று சொல்லலாம். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும், தாளில் படித்தால் வராது. நாங்கள் இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தோம். முதலில் சிரிப்பார்கள். நாலாவது முறை சிரிப்பு நின்றுவிடும்.

உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கவும் பழக்குங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் ஆசிரியர்களுக்கே இருக்கிறது. அப்படி விதைப்பதில்லை என்பது ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம் இறங்கியது போல இருக்கும். ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் இருப்பதும், பொறுப்பில் இருக்கும் பெரியவரை அழைப்பதும்தான் உதவியாளரின் வேலை. அங்கே அவர் பங்கு முடிகிறது. மருத்துவம் மருத்துவருக்கு. இரவு எந்த நேரமானாலும் எடுக்கிற ஒரே ஒரு எண் அவர்களிடம் இருக்க வேண்டும். அதை எடுக்கும் முறை உங்களுக்கும் உடனுறை ஆசிரியர்களுக்கும் வாரம் மாறி மாறி வரட்டும். அப்படி ஓர் இரவு கழிந்தால் அந்த உதவியாளருக்கு மறுநாள் ஓய்வு. அடுத்த நாள் தேர்வு என்றால் துறையிடம் நீங்களே பேசுங்கள், அந்தப் பிள்ளையைப் பேச வைக்காதீர்கள்.

தண்டிப்பவரும் தேற்றுபவரும் ஒரே ஆளாக இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின்கீழ் வாழும் வழக்கம் மிகப் பழையது. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்டன் கல்லூரிக்கு 1264இலேயே சட்டதிட்டம் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் ஹார்க்னஸ் கொடுத்த பணத்தில் ஹார்வர்டு 1930இலும் யேல் 1933இலும் இதைத் தொடங்கின. யேலில் ஒவ்வொரு கல்லூரிக்கும் இரண்டு பேர். தலைவர் கல்லூரியின் கூட்டு வாழ்க்கையைப் பார்ப்பார். படிப்பிலும் சொந்த விஷயத்திலும் திணறும் மாணவர் போவது டீனிடம். உங்களிடம் இரண்டு பதவி இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இரவு 2 மணிக்குச் சத்தம் போட்டதற்கு அபராதம் விதித்த அதே ஆசிரியரிடம், மறுநாள் அந்த மாணவர் அழுதுகொண்டு போகமாட்டார். அபராதத்தையும் விதிமீறலையும் அலுவலகத்துக்கோ வேறு தொகுதி ஆசிரியருக்கோ மாற்றிவிடுங்கள்.

இனி உங்கள் கதவு. எந்நேரமும் திறந்த கதவுக்குள் வருபவர்கள், எந்தக் கதவுக்குள்ளும் கூச்சமில்லாமல் நுழையக் கூடியவர்கள். அந்தப் பத்துப் பேரை விரட்ட வேண்டாம். ஆனால் அறையில் கிடந்த அந்த மாணவர் எத்தனை ஆண்டு ஆனாலும் உங்கள் வாசலுக்கு வந்திருக்கமாட்டார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்ட்கேட் மாணவர் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர் நடத்தி 1950இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அடுத்த வீட்டில் இருப்பவரை நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம். அதே வரிசையின் இன்னொரு கோடியில் இருப்பவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். சில எட்டுத் தூரம்தான் வித்தியாசம். மாடிப்படி எங்கே இறங்குகிறது, தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்பதெல்லாம்கூட யாருக்கு யார் பழக்கமாவார்கள் என்பதைப் பாதித்திருக்கிறது.

ஆகவே மாணவர்கள் எப்படியும் வந்துதீர வேண்டிய இடத்துக்கு நீங்கள் போங்கள். என் அனுபவத்தில் சிறந்த இடம் துணி துவைக்கும் அறை. ராத்திரி 10 மணிக்குமேல் என் வீட்டுத் துணியை எடுத்துக்கொண்டு நானும் அங்கே போவேன். எதிரெதிரே உட்கார்ந்தால் பேச வராத பிள்ளைகள், சுழலும் துணியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் பேசுவார்கள். ஒரு மாணவர் முதல் வாரம் ‘இது இன்னும் எத்தனை நிமிஷம் சார்?’ என்று கேட்டார். இரண்டாம் வாரம் தன் பாடத்தைப் பற்றிச் சொன்னார். ஐந்தாம் வாரம், எந்திரத்தின் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், ‘அப்பா வீட்டை விட்டுப் போயிட்டாரு சார்’ என்றார். நான் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தால் அந்த ஐந்தாம் வாரம் வந்தே இருக்காது.

வாரம் இரண்டு இரவு இப்படிப் போங்கள், மூன்று முறை சாப்பாட்டுக் கூடத்தில் வேறு வேறு மேசையில் உட்காருங்கள். மீதி நேரம் கதவைச் சாத்துங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் அது வீடு.

பெற்றோர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது வந்த மாணவரைப் பற்றி எதைச் சொல்லலாம் என்பதில் ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு. பல்கலைக்கழகச் சட்டப் பிரிவிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை. ‘என்னால் விவரம் சொல்ல முடியாது, நீங்கள் கவலைப்படுவதைச் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்’ என்று சொல்லிவிட்டு முழுதாகக் கேளுங்கள். பெற்றோர் பாதிப் பேருக்குத் தேவைப்படுவதே அதுதான். பேசியதை அந்த மாணவருக்கும் சொல்லிவிடுங்கள், முதுகுக்குப் பின்னால் எதுவும் வேண்டாம்.

அந்த மாணவர் அடுத்த பருவத்தில் திரும்பி வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு நீங்களே அவரிடம் பேசுங்கள். பழைய அறையா, புதிய அறையா என்று அவரையே கேளுங்கள். சிலருக்கு அந்தக் கதவைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும், சிலருக்குப் பழகிய இடம்தான் தெம்பு. தன்னைப் பற்றி யாருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை போகக் கூடாது. படிப்பு ஆலோசகரிடம் பேசி முதல் பருவத்தில் பாடச் சுமையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். வரும் நாளில் வரவேற்புக் கூட்டமெல்லாம் வேண்டாம். சாவியைக் கொடுக்க, அவர் மாடியைச் சுத்தம் செய்தவரோ முன்பு அவரோடு பேசிக்கொண்டிருந்த உதவியாளரோ மேசையில் இருந்தால் நல்லது. முதல் திங்கட்கிழமைச் சந்திப்பில், அவர் சம்மதித்தால், அவர் பெயருக்கு நேரே நீங்கள் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.